வர்த்தக ஒப்பந்தம்: பார்லிமெண்டைக் கேட்க வேண்டாமா?

மாமல்லபுரத்துத் தோழர்கள் 2019 அக்டோபர் 11, 12 தேதிகளை மறந்திருக்க மாட்டார்கள். பிரதமர் மோடியும் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் சுற்றிப் பார்த்தார்கள். மறுநாள் கோவளத்தில் வியாபாரத்தைப் பற்றியும் பேசினார்கள்.

அப்போது இந்தியா, சீனா உள்ளிட்ட 16 நாடுகளின் ஆர்.சி.இ.பி. வர்த்தக ஒப்பந்தம் முடிவாகும் தறுவாயில் இருந்தது. நியூசிலாந்துப் பால் பவுடர் மலிவாக வந்து குவிந்தால், மதுராந்தகம் பக்கத்தில் ஒற்றை மாட்டை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் கூலிக்காரர் வீட்டு அடுப்பு எரியுமா? விவசாயிகளும் பால் உற்பத்தியாளர்களும் நாடெங்கும் கிளர்ந்தெழுந்தார்கள். நவம்பர் 4-ந் தேதி பாங்காக்கில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. நல்லதுதான். ஆனால் பேச்சில் சேர்ந்ததும் சர்க்கார் முடிவு. விலகியதும் சர்க்கார் முடிவு. இரண்டுக்கும் பார்லிமெண்டில் ஓட்டெடுப்பு இல்லை.

பஞ்சுக் கதையும் இதுதான். 2025 ஆகஸ்டில் இறக்குமதிப் பஞ்சுக்கான 11 சதவீத வரி ஓர் அறிவிப்பின் மூலம் நீக்கப்பட்டது. பார்லிமெண்டு அப்போது கூடித்தான் இருந்தது! மில் ஓடப் பஞ்சு வேண்டும். பருத்தி விவசாயிக்கு விலையும் வேண்டும். இரண்டு பேர் வயிற்றுப்பாடும் எடைபோடப்பட வேண்டிய இடம் எது? இலாகா அறையா, ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையா?

வரிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தை 1962 சுங்கச் சட்டத்தில் சர்க்காருக்குக் கொடுத்தது பார்லிமெண்டேதான். ஒப்பந்தத்தை அமுலாக்கச் சட்டம் செய்ய அரசியல் சட்டத்தின் 253-வது பிரிவு பார்லிமெண்டுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் கையெழுத்துக்கு முன் அதன் சம்மதம் கட்டாயமில்லை. தாலி கட்டிய பிறகு பெண்ணைச் சம்மதமா என்று கேட்கிற கதைதான்!

பார்லிமெண்டு தலையிட்டால் பலன் உண்டா? உண்டு. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிபந்தனைக்காக 2005-ல் பேடண்ட் சட்டம் திருத்தப்பட்டபோது, இடதுசாரி உறுப்பினர்கள் வற்புறுத்திப் பாதுகாப்புகளைச் சேர்த்தார்கள். பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுப் பேடண்ட் கேட்பதை 3(டி) பிரிவு தடுத்தது. அந்தப் பிரிவின்படியே 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு நோவார்ட்டிஸ் கம்பெனியின் புற்றுநோய் மருந்துப் பேடண்ட் கோரிக்கையைத் தள்ளியது.

ஆகவே நமது கோரிக்கை எளியது. ஒப்பந்த நகலைக் கையெழுத்துக்கு முன் பார்லிமெண்டில் வை! மாநிலங்களைக் கேள்! விவாதித்து ஓட்டெடு! ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இதைக் கேளுங்கள், தோழர்களே. பதிலைக் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள்.