முதலில் சாவிக்கு ஒரு ஸ்பிரிங்

ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே சிறிய லேத் வைத்து வேலை செய்யும் அன்பர்கள் நம் புனேயில் சிலர் உண்டு. போனால், தாமே செய்த டை ஹோல்டர், போரிங் பார் எல்லாம் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். தனக்கு வேண்டிய துணைக்கருவிகளில் பலவற்றைத் தானே கடைந்து தரும் இயந்திரமல்லவா அது!

ஆனால் முதலில் செய்ய வேண்டியது சக் சாவிக்கு ஒரு ஸ்பிரிங் என்பேன்.

பயிற்சிக் காலத்தில் ஒருநாள், சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டேன். சாவி பறந்துபோய்ப் பக்கத்து லேத்தில் நின்ற நண்பனின் புருவத்தைக் கிழித்தது. ஓர் அங்குலம் இறங்கியிருந்தால் கண் போயிருக்கும். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் கூசிப் போகிறேன்.

செய்வது எளிது. சாவித் தண்டில் ஏறும்படி ஒரு வளையம் கடைந்து, ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். வளையத்துக்குக் கீழே கனமான கம்பியில் ஓர் அழுத்து ஸ்பிரிங். அது சக்கின் துளைக்குள் போகாத அகலம் இருக்க வேண்டும். கையால் அழுத்தினால் சாவியின் சதுர முனை முழுவதும் உள்ளே இறங்க வேண்டும். கையை எடுத்தால் சாவி வெளியே வந்துவிட வேண்டும்.

"இத்தனை வருஷப் பழக்கம், மறப்பேனா?" என்று கேட்பவர்கள் உண்டு. அன்று எனக்கும் நன்றாகப் பழகிய வேலைதான்.

வேடிக்கை பார்க்கப் பேரக் குழந்தைகள் வந்து நிற்கும் இடம் அது. மற்ற கருவிகளைப் பிறகு செய்துகொள்ளலாம்.