அன்னத்தின் சினமும் அன்பரின் படமும்

அண்மையில் நம் பட்டணத்துப் படிப்பகமொன்றில் ஒரு படக்காட்சி நடைபெற்றது. சீமைக்குச் சென்று திரும்பிய அன்பர் ஒருவர், ஆங்குள்ள ஒரு நீர்நிலைப் பறவைக் காப்பகத்தில் தாம் எடுத்த புகைப்படங்களைச் சுவரெங்கும் மாட்டி வைத்திருந்தார். அவற்றுள் நடுநாயகமாய் விளங்கியது ஓர் அன்னப் படம். நாணற் கூட்டில் பெட்டை முட்டைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. அதன் முன்னே சேவல், இரு சிறகுகளையும் முதுகின்மேல் வளைய உயர்த்தி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, நீரைக் கிழித்துக்கொண்டு நேரே நம்மை நோக்கி வருகிறது. படத்தின் கீழ் 'காதலின் கோலம்' என்று பொன்னெழுத்திற் பொறித்திருந்தனர். கண்டவரெல்லாம் வியந்தனர், கைதட்டினர். தோட்டத்துக் கிராணியாகிய யானும் அக்கூட்டத்தில் நின்றேன். கைதட்ட மனம் வரவில்லை.

தோழர்களே, அக்கோலம் காதலன்று, சினம். 'ஊமை அன்னம்' என்று ஆங்கிலர் பெயரிட்டழைக்கும் அப்பறவை, தன் எல்லைக்குள் பகை புகுந்தது என்று கண்டால் அவ்வாறு சிறகுயர்த்திப் பாய்ந்து வரும். அன்று புகுந்த பகை யார்? நரியா? நாயா? சேவல் எத்திசை நோக்கி வருகிறதென்று பாருங்கள். படக்கருவி நின்ற திசையை நோக்கியன்றோ வருகிறது! மனைவியையும் பிறவாத மக்களையும் காக்க எழுந்த ஒரு தகப்பனின் ஆத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்துள் அடைத்து, அதற்குக் காதல் என்று பெயரும் சூட்டிவிட்டார் நம் அன்பர். வேலியாய்க் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி இருபதடி உட்சென்றதாக அவரே பெருமையோடு உரைத்தார்.

"ஐந்து நிமிடம் நின்றேன், அதனால் என்ன கெட்டது?" என்று என்னை அவர் வினவினார். விடை கூறுகிறேன். ஊமை அன்னம் பெரும்பாலும் 5 முதல் 7 முட்டை வரை இடும். பெட்டை ஏறத்தாழ 35 நாள் அடைகாக்கும். அந்நாட்களில் அது வயிறார இரை தேடுவதில்லை. முன்னரே உடம்பிற் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே உயிர் தாங்குகிறது. அஞ்சி அது எழுந்தால் முட்டையின் சூடு குறையும். காகத்துக்கும் நரிக்கும் வழி திறக்கும். ஒருவர் ஐந்து நிமிடம் நின்றதனாற் குடி முழுகிவிடாது என்றே வைத்துக்கொள்வோம். அன்று அக்கயிற்றைத் தாண்டியவர் அவர் ஒருவர்தாமா? நாணலில் முன்னமே தடம் விழுந்திருந்ததால் கால் வைக்க எளிதாயிருந்தது என்று சொன்னவரும் அவரே. அத்தடத்தை மிதித்தவர் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் என்றே சொல்லியிருப்பர்.

ஆபட்ஸ்பரியை எடுத்துக் காட்டினார் மற்றொரு நண்பர். இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் வட்டாரத்தில், ஃப்ளீட் என்னும் காயலோரத்தில் உள்ளது அவ்விடம். நூற்றுக்கு மேற்பட்ட அன்ன இணைகள் ஒருங்கே கூடு கட்டும் ஆண்டுகள் உண்டு. மக்கள் கூடுகளின் நடுவே நடந்து செல்கின்றனர்; அன்னங்களும் பொருட்படுத்துவதில்லை. மெய்தான். ஆனால் அவ்வன்னங்களின் வரலாறென்ன? 11-ஆம் நூற்றாண்டில் அங்கு மடம் அமைத்த கிறிஸ்தவத் துறவிகள் அவற்றை வளர்த்தது தியானத்துக்கன்று, விருந்துக்கு! (துறவியின் வயிறு எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்.) 1393-லேயே அவ்வன்னக்கூட்டத்தைப் பற்றிய எழுத்துச் சான்று உண்டு. தலைமுறை தலைமுறையாய் மனிதன் தீனியிட்டு, நரி விரட்டி, நாணல் வளர்த்துப் பழக்கிய பறவைகள் அவை. அவற்றைக் காட்டி, பழகாத பறவையின் கூட்டை மிதிப்பது, கோயில் யானை சாதுவாய் நிற்கிறதென்று காட்டு யானையின் துதிக்கையைப் பற்றுவதை ஒக்கும்.

சட்டம் தடுக்கவில்லையே என்பாரும் உளர். பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம், அங்கு அருகியே கூடு கட்டும் ஹூப்பர் அன்னத்தைக் கூட்டில் வேண்டுமென்றே தொல்லை செய்வதைத் தனிக் குற்றமாக்கியது. ஊமை அன்னம் அப்பட்டியலில் இல்லை. அதன் முட்டையை எடுத்தாலோ கூட்டைச் சிதைத்தாலோதான் தண்டனை. எண்ணிக்கையில் மிகுந்தவனுக்குக் காவல் குறைவு. கூலிக்காரர்களாகிய நாம் இவ்வியற்கையை நன்கறிவோம்.

படக்கருவி துப்பாக்கியினும் மேலன்றோ என்று கேட்டால், மேலேதான், மறுக்கவில்லை. கீர்ட்டன் உடன்பிறந்தார் இருவர், 1895-ல் புகைப்படங்களைக் கொண்டே பறவைக் கூடுகளைப் பற்றி நூல் வெளியிட்டபோது, முட்டை திருடிச் சேர்ப்பது கனவான்களின் பொழுதுபோக்காயிருந்தது. அன்று படம் ஒரு சீர்திருத்தம். அவர்களோ, பறவை தம்மைக் காணலாகாதென்று, உள்ளீடற்ற மாட்டுத் தோலுக்குள் ஒளிந்திருந்து படமெடுத்தவர்கள். மாட்டுத் தோலுக்குள் வெந்தவர் எங்கே, கயிறு தாண்டுபவர் எங்கே? எரிக் ஹாஸ்கிங் என்னும் பேர்பெற்ற பறவைப் படக்காரர், 1937-ல் ஆந்தைக் கூட்டருகே சென்று அதன் நகத்தால் ஒரு கண்ணை இழந்தார். அன்னத்துக்கு அத்தகைய நகமில்லை. ஆதலால் அதன் சினம் அழகாய்த் தோன்றுகிறது.

நாமோ அன்னத்தைக் காணாமலே புகழ்ந்த கூட்டத்தார். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நம் புலவர் பாட, நாமும் பிள்ளைகளுக்கு ஒப்புவித்தோம். அது தின்பது நீர்ப்பூண்டு. பாலை அது கண்டதுமில்லை. அப்பொய் பறவைக்குத் தீங்கு செய்யவில்லை. இப்புதிய பொய் செய்கிறது.

இஃது ஏதோ சீமைச் செய்தி என்று தள்ளிவிடாதீர். நம் வீட்டுத் தாழ்வாரத்திலும் தோட்டத்துச் செடியிலும் தேன்சிட்டு தொங்குகூடு கட்டுகிறது. படம் தெளிவாய் விழவேண்டுமென்று கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளி எறிவோர் இங்கும் உளர். சீமையிற் குளிர் முட்டையைக் கெடுக்கும். நம் நாட்டில் அவ்விலை நிழல் போனால் வெயில் குஞ்சைச் சுட்டுக் கொல்லும்.

கிராணிக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்பீர்கள். எனக்குப் பத்து வயதிருக்கும். என் தாயார் பால்மரம் வெட்டிய நிரைக்கு வண்டியொன்றில் பிரயாணிகள் சிலர் வந்திறங்கினர். கேளாமலே படமெடுத்தனர். பின்பு, வெட்டிய மரத்தையே மறுபடி வெட்டிக் காட்டும்படி சைகை செய்தனர். பட்டையிற் காயம் பட்டால் மண்டோர் ஏசுவார்; வெயில் ஏறினாற் பால் குறையும்; பால் குறைந்தாற் கூலி குறையும். அம்மா கத்தியைக் கையிற் பிடித்தபடி அவர்களை முறைத்துப் பார்த்தார். அதையும் எடுத்தனர். சில மாதங்கழித்துப் பட்டணத்துக் கடையொன்றில் அப்படம் அஞ்சலட்டையாய்த் தொங்கிற்று. கீழே, எளிய மக்களின் இன்ப வாழ்வு என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தனர். அம்மா அவ்வெழுத்தின் பொருளை என்னிடம் கேட்டார். ஆங்கிலம் கற்றுவந்த யான் தெரியாது என்று பொய் சொன்னேன்.

அவ்வன்னப் படம் அடுத்து வேறோர் ஊர்ப் படிப்பகத்துக்குச் செல்லவிருக்கிறதாம். செல்லுமுன் அப்பொன்னெழுத்தைச் சுரண்டிவிட்டு, 'என்னை விரட்ட வந்த பறவை' என்று அன்பர் தம் கையால் எழுதட்டும். எழுதினால் அவ்வூருக்கும் வந்து முதலிற் கைதட்டுபவன் யானே.