படைமுகாமில் ஓர் அண்டை வீடு

திருமுருகன்பூண்டியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குத் தனிமை பழக்கமில்லாதது. வாசலில் நின்று குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பனியன் கம்பெனிக்குப் போனாலோ, ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சலையும் மீறிப் பக்கத்தில் இருப்பவள் பேச்சுக் கொடுப்பாள். அத்தகைய பெண் ஒரு படைவீரருக்கு வாழ்க்கைப்பட்டு, தொலைதூர முகாமொன்றின் குடியிருப்பில் போய் இறங்கும்போது என்ன நேர்கிறது? இம்மாதம் அதனைச் சற்றே சிந்திப்போம்.

இராணுவத்தில் பணியிடங்களைப் பொதுவாக இரு வகையாகப் பிரிப்பர். குடும்பத்தோடு வாழத்தக்க இடங்கள் 'பீஸ் ஸ்டேஷன்' எனப்படும். எல்லைப்புறம் போன்ற களப்பகுதிகள் 'ஃபீல்டு' எனப்படும். களத்தில் இருப்பவருக்கு எழுதும் கடிதத்தின் உறையில் ஊர்ப்பெயர்கூட இராது. படைப்பிரிவின் பெயரோடு '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று மட்டும் இருக்கும். அக்காலத்தில் மனைவி பிறந்த ஊருக்குத் திரும்புகிறாள். அல்லது பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு, அத்தகைய குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் தனித்துத் தங்குகிறாள். கணவரோடு சேர்ந்து வாழும் இடங்களிலும் சில, நகரங்களை விட்டு விலகியவை. நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்பு கொள்வதற்காக 1990-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படை நிலையம், நெல்லை மாவட்டத்துச் சிற்றூரான விஜயநாராயணத்தில்தான் இருக்கிறது.

இக்குடும்பங்களுக்கு ஏற்பாடுகளே இல்லை என்று சொல்வதற்கில்லை. இடமாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963-இல் தொடங்கப்பட்ட கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் உண்டு. தரைப்படையினரின் மனைவியருக்கென 1966-இல் நலச்சங்கம் ஒன்று தோன்றியது. கடற்படைக்கும் விமானப்படைக்கும் அத்தகைய சங்கங்கள் இருக்கின்றன. தையல் வகுப்பு, மழலையர் பள்ளி, கணவரை இழந்தோர்க்கு உதவி, குடும்ப நலக் கூட்டம் என அவற்றின் பணிகள் பல.

ஆயினும் சங்கம் இருப்பது வேறு, சமூகம் அமைவது வேறு. கணவரின் தோளிலுள்ள பட்டை மனைவியின் சேலையிலும் ஒட்டிக்கொள்ளுமாயின், அதிகாரியின் மனைவி முன்வரிசையிலும் சிப்பாயின் மனைவி கடைசி வரிசையிலும் அமர்ந்து எழுந்து போவதே கூட்டமாகிவிடும். மேலும், வந்தவளுக்கு எப்போதும் உதவி கொடுத்துக்கொண்டே இருந்தால், அவள் நன்றியுடையவளாக இருப்பாளேயன்றி உரிமையுடையவளாக ஆக மாட்டாள். அவளிடமும் ஏதேனும் கேட்க வேண்டும். 'நீ இல்லாவிட்டால் இது நடக்காது' என்று ஒருவர் சொல்லும் நாளில்தான் அந்நிய இடம் சொந்த ஊராகத் தொடங்குகிறது.

பூண்டியிலிருந்து செல்லும் பெண்ணிடம் கேட்பதற்கு நிறையவே உண்டு. இந்தி தெரியாமல் அவள் கூச்சப்படலாம். ஆனால் துணியைத் தொட்டுப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்வாள். கோணல் தையலை ஒரு பார்வையில் கண்டுபிடிப்பாள். முகாமின் தையல் வகுப்பில் அவளை மாணவியாக உட்கார வைப்பதை விடுத்துக் கற்பிக்கச் சொன்னால், பஞ்சாபிப் பெண்ணுக்கும் அசாமியப் பெண்ணுக்கும் அவள் விரல்களே விளக்கம் சொல்லும். வேலை நடக்க நடக்கச் சொற்கள் தாமே வந்து சேரும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாரும் இடம் மாறிவிடுவர். நட்பு தானாகக் கனியட்டும் என்று காத்திருக்க அங்கே நேரமில்லை. ஆதலால் புதிதாக வந்தவளின் முதல் வாரமே முக்கியமானது. தண்ணீர் வரும் நேரம் எது, பால் எங்கே கிடைக்கும், ஊருக்குள் போக வண்டி எப்போது, நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் யார் கதவைத் தட்டலாம்: இவற்றை அடுத்த வீட்டுக்காரி அன்றே சொல்லிவிட வேண்டும். ஊர் மாறிப் போகிறவள் சாவியோடு இந்தப் பொறுப்பையும் மற்றொருத்தியிடம் ஒப்படைத்துச் செல்வாளாயின், மனிதர்கள் மாறினாலும் உறவு அறுபடாது.

இதில் நமக்கும் பங்குண்டு. மகளை முகாமுக்கு அனுப்பும் தாய்மார்களே, நகைக்கும் பாத்திரத்துக்கும் செலுத்தும் கவனத்தில் சிறிதளவை அவள் நாலு வார்த்தை இந்தி பழகுவதிலும் செலுத்துங்கள். தொலைபேசியில் அவள் முதன்முதல் அழும்போது, 'உடனே புறப்பட்டு வந்துவிடு' என்பதற்கு முன், 'பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்த அழுகை கொடுமை கண்டு எழுந்த அழுகையானால், கேள்விக்கு இடமில்லை. உடனே துணை நிற்க வேண்டும்.

கணவர் களத்தில் இருக்க, பிள்ளைகளோடு நம் தெருவிலேயே தங்கியிருக்கும் மனைவியும் உண்டு. பணியிலிருக்கும் வீரரின் குடும்பத்துக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் துணை கிடைக்கும். அவள் மனு எழுதும்போது உடன் அமரவும், அலுவலகத்துக்குத் துணை செல்லவும் பங்கில் ஒருவர் முன்வரலாம். அதோடு நின்றுவிடாமல், திருவிழா வேலையிலோ பிள்ளைகளின் மாலைப் படிப்பிலோ அவளுக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பாவம் என்று பார்க்கப்படுவதைக் காட்டிலும், வேண்டியவள் என்று அழைக்கப்படுவதையே அவள் விரும்புவாள்.

உங்கள் தெருவில் அப்படியொரு வீடு இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வாருங்கள். உங்களுக்கு ஆக வேண்டிய உதவி ஏதேனும் இருந்தால், அதையும் கேட்டு வாருங்கள்.