மனுவும் நன்கொடையும்

விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் சர்க்காரிடம் இருக்குமாயின், அதனால் பாதிக்கப்படும் தொழிலினர் சர்க்காரை அணுகித் தம் குறைகளை எடுத்துரைத்தல் இயல்பே. அஃது அவர்தம் உரிமையுமாகும். ஆனால், அவ்வுரிமையை எம்முறையில் செலுத்துவது என்பதில்தான் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன. அமெரிக்க நாட்டு எரிவாயுத் தொழிலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இயற்கை எரிவாயுவை மாநிலம் விட்டு மாநிலம் குழாய் வழியே கொண்டு சென்று விற்கும் கம்பெனிகளின் கட்டணத்தை, 1938ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய மின்சக்திக் கமிஷனின் கட்டுப்பாட்டில் வைத்தது. கிணற்றிலிருந்து வாயுவை எடுத்து அக்கம்பெனிகளுக்கு விற்கும் உற்பத்தியாளரையும் இச்சட்டம் கட்டுப்படுத்துமா என்ற ஐயம் எழுந்தது. வாயுவை விலைக்கு வாங்கும் தன் மக்களின் பொருட்டு விஸ்கான்சின் மாநிலம் வழக்காடியது. கட்டுப்படுத்தும் என்று 1954 ஜூனில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

உற்பத்தியாளர் இத்தீர்ப்பை மாற்றப் புதுச் சட்டம் கோரினர். பெரும்பொருள் செலவிட்டுத் தோண்டும் கிணறுகளுள் பல வறண்டு போகின்றன. விலையைப் பிறர் வரையறுத்தால் புதுக் கிணறு தோண்ட எவர் முன்வருவர் என்று கேட்டனர். ஒரே குழாயை நம்பி வாழும் நகரத்தார் வேறு எங்குச் சென்று வாயு வாங்குவர் என்று மறுதரப்பினர் வினவினர். இரண்டும் ஆராயத்தக்க வாதங்களே.

உற்பத்தியாளர் கோரிய ஹாரிஸ்–புல்பிரைட் மசோதா 1955இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. 1956 பிப்ரவரியில் அது செனட் சபைக்கு வந்தபோது, தெற்கு டக்கோட்டா மாநிலத்து உறுப்பினர் பிரான்சிஸ் கேஸ் எழுந்து ஒரு செய்தியை வெளியிட்டார். தம் தேர்தல் நிதிக்கென 2,500 டாலர் அளிக்கப்பட்டதாகவும், அளித்தவர் மசோதாவில் அக்கறை கொண்ட எண்ணெய்த் தரப்பின் வழக்கறிஞர் எனத் தெரிந்ததும் அதனை மறுத்துவிட்டதாகவும் கூறினார். மசோதாவை ஆதரிக்கும் எண்ணம் கொண்டிருந்த அவர் எதிர்த்து வாக்களித்தார். எனினும் 53க்கு 38 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. ஆனால் ஜனாதிபதி ஐசன்ஹோவர் அதற்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார். மசோதாவின் நோக்கம் அவருக்கு உடன்பாடே. அதற்கு ஆதரவு தேடிய முறைதான் உடன்பாடாகவில்லை.

பின்னர் நடந்தது என்ன? மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வாயுவிற்கு மட்டும் விலைக் கட்டுப்பாடு இருந்தமையால், உற்பத்தியாளர் தம் மாநிலத்திற்குள்ளேயே விற்க விரும்பினர். 1976–77ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் பிற மாநிலங்களில் வாயுவின்றிப் பள்ளிகளும் ஆலைகளும் மூடப்பட்டன. 1978ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தியது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1993இல் அது முற்றிலும் நீங்கியது. குழாய்க் கட்டணத்தை மட்டும், பழைய கமிஷனின் இடத்தில் 1977இல் அமைந்த மத்திய எரிசக்தி ஒழுங்குமுறைக் கமிஷன் இன்றும் ஒழுங்குபடுத்தி வருகிறது.

ஆகவே, உற்பத்தியாளரின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் வாதத்தோடு பணமும் கலந்தது வெளிப்பட்டபோது, நேர்மையாக மசோதாவை ஆதரித்தவர்கள்மீதும் ஐயம் விழுந்தது. மறைவில் நீட்டிய பணம் நியாயத்திற்குத் துணை செய்யவில்லை. அதன் வாயை அடைத்தது.

நூல் விலைக்கும் விளைபொருளின் கொள்முதல் விலைக்கும் நாமும் சர்க்காரிடம் மனுச் செய்பவர்களே. நம் கோரிக்கை மகாசபையில் தீர்மானிக்கப்பட வேண்டும். மனுவின் வாசகம் அங்கத்தினர் அனைவருக்கும் தெரிய வேண்டும். அதற்காகும் செலவு ஒரு காசு விடாமல் கணக்கில் ஏற வேண்டும். அன்றியும், நம்மிடம் துணி வாங்குபவரும் தானியம் வாங்குபவரும் தம் கருத்தைக் கூற வந்தால், அவரைப் பகைவராக எண்ணுதல் ஆகாது. அவரும் கேட்க, வெளிப்படையாகச் சொல்லத்தக்க கோரிக்கையையே நம் சங்கங்கள் சர்க்காரின் முன் வைக்க வேண்டும்.