பார்க்க ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று

போன மாதம் சேலையூரில் ஓர் அறுபதாம் கல்யாணம். மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.இ.டி. திரை. மாமாவின் அறுபது வருஷமும் பாட்டோடு ஓடப்போகிறது என்று நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். மாமாவின் அம்மாவுடைய பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டுச் சதுரங்கள். “யாருடா இது?” என்று அத்தையே கேட்டுவிட்டார். ஆல்பத்தில் இருந்த படத்தைப் பேரன் போனில் பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அங்கிருந்து ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, மூன்று கை மாறித்தான் அது ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறது. பழி மட்டும் நேராக ஸ்டூடியோக்காரர் தலையில் விழுந்தது. பாவம், அவர் கைக்கு வந்ததைப் போட்டார்.

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் எந்த ஸ்டூடியோவில் அட்வான்ஸ் கொடுத்தாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும்: “சாஃப்ட் காப்பி பென் டிரைவ்லயா சார், லிங்க்கா?” நாம் யோசிக்காமல் எதையோ சொல்லிவிட்டு வருகிறோம். அதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருப்பது அப்போது தெரிவதில்லை. படத்தை உடனே பார்ப்பதும் ஊருக்குக் காட்டுவதும் ஒரு வேலை. இருபது வருஷம் கழித்தும் திறக்கும்படி வைத்துக்கொள்வது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே பாத்திரம் போதும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான மனஸ்தாபங்கள் ஆரம்பிக்கின்றன.

முதலில் வாட்ஸ்அப். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6,000க்கு 4,000 பிக்சல் இருக்கும். சாதாரணமாக அனுப்பினால் அதன் நீளத்தை 1,600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடுவது வாட்ஸ்அப்பின் வழக்கம். பதினாலில் ஒரு பங்குகூட மிஞ்சாது. போனில் பளிச்சென்றுதான் தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அச்சுக்குப் போகும்போது குட்டு வெளிப்படும்: அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1,600 பிக்சல் ஐந்தரை அங்குலத்தைக்கூடத் தொடாது. கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்தால் 36 அங்குலம். 2023-ல் வந்த எச்.டி. வசதி கொஞ்சம் மேல். படத்தை டாக்குமென்ட் ஆக அனுப்பினால் அளவு குறையவே குறையாது. பேரன் அதைச் செய்திருந்தால் பாட்டிக்கு மூக்கு கிடைத்திருக்கும்.

லிங்க்குக்கு வருவோம். இரண்டு நாள் கல்யாணத்தில் மூவாயிரம் படம், படத்துக்கு 10 எம்.பி. என்றால் 30 ஜிபி. கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மெயிலும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் ஏற்றிக்கொண்டிருந்த காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. ஆகவே ஸ்டூடியோக்காரர் மாதாமாதம் பணம் கட்டி இடம் பிடிக்கிறார். தை முகூர்த்தங்கள் வரிசையாக வந்தால் பழைய கல்யாணங்களைக் காலி செய்துதான் ஆக வேண்டும். என் தங்கை கல்யாணப் படங்கள் அப்படித்தான் போயின. ஒன்றரை வருஷம் கழித்து, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்காக லிங்க்கைத் தட்டினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில். ஸ்டூடியோவுக்குப் போன் செய்தேன். “ஒரு வருஷம்தான் சார் வெச்சிருப்போம்” என்றார்கள். அதை அவர்கள் முன்பே சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இன்றைக்கு யோசித்தால் தப்பு ஆளுக்குப் பாதி.

ஸ்டூடியோ நல்லபடி நடந்துகொண்டாலும் வழி அடைபடலாம். 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், வீட்ரான்ஸ்ஃபர் தளத்தை மத்திய தொலைத்தொடர்புத் துறை முடக்கியபோது, பெரிய கோப்புகளை அதில் அனுப்பியே பழகியிருந்தவர்கள் திடீரென்று வேறு வழி தேட வேண்டியதாயிற்று. லிங்க் என்பது பந்தியில் போட்ட இலை. சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். உறவுக்காரர்களுக்குக் காட்டவும், ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கவும் அதைவிட வசதியானது இல்லை. வந்த வாரத்திலேயே முழு அளவில் இறக்கிக்கொள்ளாவிட்டால் அது நம்முடையது இல்லை.

பென் டிரைவ் கையில் இருக்கிறது என்ற தைரியமும் பாதிதான் சரி. மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் பீரோவில் கிடந்தால் அதில் பதிந்தது மெல்ல மங்கக்கூடும். ஸ்டூடியோ பெயர் பொறித்த மரப்பெட்டியில் வைத்துத் தருவதால் அதன் ஆயுள் கூடிவிடாது. டிவிடி கதை இன்னும் பழசு. 4.7 ஜிபிதான் பிடிக்கும். இன்றைய லேப்டாப்களில் அதைப் போடும் வாயே கிடையாது. எங்கள் கல்யாண டிவிடியைப் பார்ப்பதற்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய பிளேயர் வாங்கி வந்தேன். தாலி கட்டும் இடம் வரை ஓடி நின்றது.

ஸ்லைடுஷோ தனி விஷயம். அது வடித்த சோறு, அதிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. வீடியோவாகக் கோத்த படத்தை நிறுத்திப் பிடித்தால் 1,920க்கு 1,080 பிக்சல்தான் கிடைக்கும். அதனால் ஸ்லைடுஷோவோடு தனித்தனிப் படங்களையும் கேட்டு வாங்க வேண்டும். வடிவம் எம்பி4, உள்ளே எச்.264 என்று சொல்லிவிடுங்கள். புதிய எச்.265-ல் கொடுத்தால் கோப்பு சின்னதாக இருக்கும், ஆனால் பல பழைய டிவிகளில் ஓடாது. எஃப்ஏடி32 முறையில் தயாரான பென் டிரைவ் என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறவே ஏறாது. நீளமான கல்யாண வீடியோ துண்டு துண்டாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பாக்கிப் பணம் கொடுக்கும் முன் வீட்டு டிவியில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது உத்தமம். பாட்டு விஷயமும் உண்டு. கல்யாண ஊர்வலத்திலும் அதையொட்டிய விழாக்களிலும் பாட்டு ஒலிக்கப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. அதே ஸ்லைடுஷோவை யூடியூபில் ஏற்றினால் அந்தக் குடை அங்கே கிடையாது, பாட்டை ஊமையாக்கிவிடலாம்.

படம் யாருடையது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. 1957-ஆம் வருஷச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. ஸ்டூடியோக்காரர்கள் பலருக்கே இது ஆச்சரியமாக இருக்கும். ஆனால் உரிமை வேறு, திருத்தாத ரா கோப்புகளைக் கையில் கொடுப்பது வேறு. அதைத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். மணப்பெண் படத்தை ஸ்டூடியோ இன்ஸ்டாகிராமில் போடலாமா என்பதையும்கூட. அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்தில் நாலு வரி போதும்: எத்தனை படம், எந்த அளவில், லிங்க் எந்தத் தேதி வரை, ரா உண்டா இல்லையா.

தாம்பரம் பக்கத்தில் இதற்கெல்லாம் மேலே ஒரு கவலை உண்டு, தண்ணீர். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு நிரம்பி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அச்சுப் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் நனைந்தால் பசைபோல ஆகிவிடும். பக்கங்கள் ஒட்டியபடியே காய்ந்தால் பிரிக்கும்போது முகம் எதிர்ப் பக்கத்தோடு போய்விடும். ஆல்பம் இருந்த பீரோவிலேயே ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால் இரண்டும் ஒரே தண்ணீரில்தான்.

முடிச்சூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அந்த வருஷம் தன் கல்யாண ஆல்பத்தைக் குப்பை வண்டியில் போட்டவர். இப்போது மகள் கல்யாணப் படங்களின் ஒரு பிரதியைத் திருச்சியில் தம்பி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே போகும்போது லேப்டாப்பில் செருகித் திறந்து பார்ப்பார். போன பொங்கலுக்குத் திறந்தவர் நலங்கு வைக்கும் படங்களில் உட்கார்ந்துவிட்டார். ரயில் போய்விட்டது, இரவு பஸ் பிடித்து விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கினார்.