ரபாப் திரும்பலாம், ரபாபிகள்?

2022 மே மாதம் சீக்கியர்களின் உச்ச சமய பீடமான அகால் தக்தின் அன்றைய பொறுப்புத் தலைவர் (ஜத்தேதார்) கியானி ஹர்பிரீத் சிங், குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். அமிர்தசரஸ் பொற்கோயிலில் பாடப்படும் சமயப் பாட்டான கீர்த்தனிலிருந்து ஹார்மோனியத்தை மூன்றாண்டுகளுக்குள் படிப்படியாக விலக்க வேண்டும். சீக்கியக் குருக்கள் காலத்துத் தந்தி வாத்தியங்கள் அந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். வெள்ளைக்காரனோடு வந்த பெட்டி போகட்டும் என்று ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். வாழ்நாளெல்லாம் அந்தப் பெட்டியை வாசித்தே கடவுளைப் பாடிய எங்களுக்கு என்ன பெயர் என்று இன்னொரு சாரார் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஹார்மோனியத்தின் பூர்வீகம் ஐரோப்பா என்பதில் தகராறு இல்லை. 1840களில் பாரிஸில் காப்புரிமை பெற்றது; மிஷனரிகளோடு இங்கே வந்தது; தரையில் சம்மணமிட்டு ஒரு கையால் துருத்தியை அசைத்து மறுகையால் வாசிக்கும் வடிவத்தை 1870களில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் கொடுத்தார். அசையாத சுருதிகள் கொண்ட கருவி அது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல அதனால் முடியாது. அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை அதைத் தள்ளிவைத்ததும் ஏறத்தாழ இதே காரணத்தைச் சொல்லித்தான். ஆனால் பஞ்சாபின் குளிரிலும் வெயிலிலும் சுருதி கலையாமல், ஒலிபெருக்கி இல்லாத நாட்களில் பெருங்கூட்டத்தின் கடைசி வரிசை வரை கேட்டது அந்தப் பெட்டிதான். இரண்டு ஹார்மோனியம், ஒரு தபலா, மூன்று பேர் என்று, கீர்த்தன் பாடும் ராகிகளின் குழுவான ஜத்தாவின் அமைப்பு அதைச் சுற்றித்தான் உருவானது. நான்கு தலைமுறைக் காதுகளுக்குக் கீர்த்தன் என்றால் அந்த ஒலிதான். சென்ற நூற்றாண்டின் பெரும் ராகி பாய் சமுந்த் சிங்கின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். ராகத்தின் ஆழத்துக்கு ஹார்மோனியம் அங்கே குறுக்கே நிற்கவில்லை.

அப்படியென்றால் பழமைவாதிகள் வீணாகக் கூச்சலிடுகிறார்களா? அதுவும் இல்லை. குரு கிரந்த் சாகிப் இசைக்காகவே கட்டப்பட்ட நூல். 1430 பக்கங்கள் கொண்ட அதன் பெரும்பகுதி, பாடியவர் பெயராலோ பொருளாலோ பகுக்கப்படவில்லை. ராகங்களால் பகுக்கப்பட்டிருக்கிறது. 31 முதன்மை ராகங்கள்; அவற்றின் கலப்பு வடிவங்கள் வேறு. அதிலுள்ள பாடல்களான சபதுகளின் தலைப்பில் ராகத்தின் பெயர் நிற்கிறது, பலவற்றில் பாடும் முறையைச் சுட்டும் 'கர்' என்ற எண்ணும் நிற்கிறது. 'ரஹாவ்' என்று குறிக்கப்பட்ட வரியே பல்லவியாகத் திரும்பத் திரும்ப வரவேண்டியது. ஒரே பாடலுக்குள் தாளம் மாறும் 'பர்த்தால்' வகையும் உண்டு. ஒரு மதத்தின் வேதநூல் தன்னை எப்படிப் பாடவேண்டும் என்று இத்தனை விவரமாகச் சொல்லியிருக்க, திரைப்பட மெட்டில் அதைப் பாடினால் கோபம் வரத்தான் செய்யும். கேசட் வியாபாரம் செழித்த காலத்தில் அது நடந்தது. ராகம் அரைகுறையாகக் கரைந்து, கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் மெட்டுகள் குருத்வாராக்களை நிறைத்தன. 1991இல் லூதியானா அருகே ஜவத்தியில் சந்த் சுச்சா சிங் கூட்டிய பெரிய சங்கீத மாநாடு, ராகிகளை மறுபடி நூலில் குறித்த ராகங்களிலேயே பாடவைத்தது. பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சீக்கிய ராக இசை, குர்மத் சங்கீதம் என்ற பெயரில் தனித் துறையாகவே வளர்ந்தது. 2022இன் அறிவிப்பு இந்த நீண்ட மீட்பின் தொடர்ச்சி.

மீட்கப்படுவது எது என்ற இடத்தில்தான் நாம் கொஞ்சம் நிற்க விரும்புகிறோம். ஏட்டில் ராகத்தின் பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை. பழைய மெட்டுகளான 'ரீத்'துகள் தொண்டையிலிருந்து தொண்டைக்குப் போனவை. அந்தத் தொண்டைகளில் பல முஸ்லிம்களுடையவை.

குரு நானக்கோடு ஊர் ஊராக நடந்து ரபாப் என்ற தந்தி வாத்தியத்தை வாசித்த மர்தானா முஸ்லிம். அவர் வழியில் வந்த ரபாபிகள் என்ற முஸ்லிம் பாடகர்கள் குருக்களின் சபைகளிலும் பின்னர் குருத்வாராக்களிலும் பாடினார்கள். சத்தா, பல்வந்த் என்ற இரு ரபாபிகள் கூலித் தகராறில் குரு அர்ஜனிடம் கோபித்துக்கொண்டு பாட மறுத்தார்கள் என்றும், குரு தம் சீடர்களையே வாத்தியம் எடுத்துப் பாடச் சொன்னார் என்றும் மரபு சொல்கிறது. சீக்கியர்களே பாடும் ராகி மரபின் தொடக்கமாக இதைக் காட்டுவார்கள். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. இருவரும் திரும்பி வந்தார்கள்; மன்னிக்கப்பட்டார்கள்; ராம்கலி ராகத்தில் அவர்கள் பாடிய 'வார்' என்ற புகழ்ப்பாட்டு கிரந்தத்துக்குள்ளேயே இடம்பெற்றது. வேலைநிறுத்தம் செய்த பாடகர்களின் பாட்டை வேதநூலில் சேர்த்துக்கொண்ட சமயம் வேறு உண்டா என்று நமக்குத் தெரியவில்லை.

1947 வரை ரபாபிகள் பொற்கோயிலில் பாடினார்கள். பாய் லால், பாய் சாந்த் போன்றவர்களின் பெயரை மூத்த சீக்கியர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். பிரிவினையில் அவர்கள் லாகூர்ப் பக்கம் போனார்கள். அங்கே பாட்டு இருந்தது, கேட்கச் சீக்கியர்கள் இல்லை. பலரும் கவ்வாலிக்கும் வேறு தொழில்களுக்கும் மாறினார்கள். பழியை முழுவதும் பிரிவினை மேல் போட்டுவிடவும் முடியாது. அதற்கு முன்பே, சீர்திருத்த இயக்கத்தின் விளைவாக உருவாகி 1945இல் இறுதி வடிவம் பெற்ற சீக்கிய நடத்தை நெறியான 'ரஹித் மர்யாதா', சபையில் கீர்த்தன் பாடும் உரிமையைச் சீக்கியருக்கு மட்டுமே உரியதாக்கியது. பாய் சாந்தின் குடும்பத்தில் வந்த பாய் குலாம் முகமது சாந்த், முதுமையில் லாகூரிலிருந்து இந்தியா வந்து பல மேடைகளில் பாடினார். முன்னோர் பாடிய பொற்கோயிலில் தானும் பாட வேண்டும் என்ற அவர் ஆசை மட்டும் நிறைவேறவில்லை.

மீட்கப்படும் வாத்தியத்திலும் ஒரு சிக்கல். இன்று இளைஞர்கள் கையில் அதிகம் காணப்படுவது ஆப்கானிய ரபாப். குருக்கள் காலத்தது அதுவல்ல, பழைய துருபத் இசை மரபின் ரபாப் என்று இசைக்கலைஞர் பாய் பல்தீப் சிங் நெடுங்காலமாக வாதாடி, பழைய வடிவத்தைச் செய்யவும் கற்றுக்கொண்டு செய்துகாட்டினார். மயில் வடிவத் தந்தி வாத்தியமான தாவூஸை மரபு குருக்களோடு சேர்த்துச் சொல்கிறது. அது பிற்காலத்தது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. 'அசல்' என்பதைத் தொட்ட இடமெல்லாம் இப்படித்தான் நழுவுகிறது.

பல்தீப் சிங்கின் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய பெரிய தாத்தாக்கள் பாய் குர்சரண் சிங், பாய் அவதார் சிங் இருவரும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பழைய மெட்டுகளை ஸ்வரப்படுத்திப் புத்தகமாக்கினார்கள். பஞ்சாபிப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்த வேலையின் அளவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனாலும் ஸ்வரக் குறிப்பைப் பார்த்து வாசிக்கும் பிள்ளையும், தாத்தாவின் எதிரே அமர்ந்து அவர் மூச்சு எங்கே நின்றது என்று பார்த்துக் கற்ற பிள்ளையும் ஒரே மெட்டைப் பாடுவதில்லை. மரபு எப்போதுமே இப்படித்தான் மாறிவந்திருக்கிறது. மாறவில்லை என்று சாதிப்பதுதான் புதுசு.

லண்டனிலும் வான்கூவரிலும் கலிபோர்னியாவிலும் தில்ருபா, தாவூஸ் என்ற தந்தி வாத்தியங்களைக் கற்கும் பேரப்பிள்ளைகள் இப்போது பெருகியிருக்கிறார்கள். பஞ்சாபி சரளமாகப் பேச வராத பிள்ளைகள்கூட ராகத்தின் இலக்கணத்தைத் திருத்தமாகச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வரும் ராகி ஹார்மோனியத்தில் மெட்டுப் பாட, எதிரே அமர்ந்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை அது எந்த ராகம் என்று கேட்கும் நிலை வந்துவிட்டது. பழமையைக் கோருவது பேரன் பேத்தி, புதுமையைத் தாங்கிப் பிடிப்பது தாத்தா என்ற இந்தத் தலைகீழ் நமக்குப் பிடித்திருக்கிறது. குர்மத் சங்கீதத்துக்கு அடுத்த ஐம்பது ஆண்டுகளை வாங்கித் தரப்போவது ஆணைகளைவிட 'இது எந்த ராகம்' என்ற இந்தக் கேள்விதான்.

அப்படிக் கற்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். உலகெங்கும் குருத்வாராக்களில் அவர்கள் பாடுகிறார்கள். பொற்கோயிலின் கருவறையில் மட்டும் இடமில்லை. ரஹித் மர்யாதா இதைத் தடுக்கவும் இல்லை. 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றம் பெண்களையும் அங்கே கீர்த்தன் பாட அனுமதிக்குமாறு அகால் தக்தையும் கமிட்டியையும் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டரை ஆண்டுக்குப் பிறகு வந்த உத்தரவு ஹார்மோனியத்தைப் பற்றியது. தந்தி வாத்தியத்துக்குக் கெடு வைக்கத் தெரிந்த நிர்வாகம், அதை வாசிக்கத் தெரிந்த பெண்ணுக்கும், லாகூரில் இன்னும் மிச்சமிருக்கும் ரபாபிப் பேரனுக்கும் ஒரு தேதி சொல்லட்டும். அதுவரை, ஆயுள் முழுக்க ஹார்மோனியத்தை வாசித்த அந்த முதிய ராகியை யாரும் அந்நியன் என்று அழைக்க வேண்டாம்.