எரிந்த மரமும் விழித்த மனச்சான்றும்



கதையொன்றைப் படிப்பவர் அதில் வரும் கொடியவனை வெறுக்கலாம். அவனால் துன்புற்றவர்க்காகக் கண்ணீரும் சிந்தலாம். ஆயினும் அக்கொடுமைக்குத் தாமும் பொறுப்பாளி என்று எவரும் எண்ணுவதில்லை. ஏட்டைப் புரட்டிய விரல் எவரையும் கொன்றதில்லை அன்றோ? ஆனால், நம் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து ஆடும் விளையாட்டுகள் சிலவற்றில் இந்நிலை மாறிவிட்டது. அங்கே கதையைக் கேட்பவனே கதையின் மாந்தனாகவும் இருக்கிறான். தலைவன் ஆணையிடுகிறான், இவன் வாளை உருவுகிறான். எனவே, "நடந்த தீங்கிற்கு நானும் உடந்தையா?" என்னும் வினா அவனுக்கு எழுவது இயல்பே. இவ்வினா பன்னாட்டு இளைஞரிடையே ஒரே வேளையில் எழுந்த நிகழ்ச்சி ஒன்றை இம்மாதம் ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் இயங்கும் பிளிசார்ட் என்னும் நிறுவனம் 2004 நவம்பர் 23 அன்று 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, மாதக் கட்டணம் செலுத்தி, அசராத் என்னும் கற்பனை உலகில் மற்றவரோடு கூடி ஆடுவது இதன் இயல்பு. 2010இல் இதன் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 இலட்சத்தை எட்டியது. ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நிலப்பரப்புகளும் புதிய கதையும் கொண்ட விரிவாக்கம் ஒன்று வெளிவரும். அவற்றுள் ஏழாவதாகிய 'பேட்டில் ஃபார் அசராத்' 2018 ஆகஸ்ட் 14 அன்று வெளிவந்து, முதல் நாளிலேயே 34 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

இரு முகாம்கள்

இவ்வுலகில் ஆடப் புகுவோர் முதலில் ஒரு முகாமைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மனிதர், குள்ளர், நைட் எல்ஃப் எனப்படும் வனவாழ் மக்கள் முதலியோர் சேர்ந்தது 'அலையன்ஸ்'. ஓர்க், ட்ரோல், எருதுத் தலை கொண்ட டாரன், இறந்தும் எழுந்து நடமாடும் ஃபர்சேக்கன் முதலியோர் சேர்ந்தது 'ஹோர்டு'. தோற்றத்தைக் கண்டு, முன்னது நல்லோர் அணி, பின்னது தீயோர் அணி என்று முடிவு கட்டிவிடலாகாது. 2002இல் வெளிவந்த 'வார்கிராஃப்ட் 3' என்னும் முந்தைய ஆட்டத்திலேயே, ஹோர்டு என்பது எவராலும் ஏற்கப்படாதவர்கள் தமக்கென ஓர் இல்லம் தேடிச் சேர்ந்த கூட்டம் என்று காட்டப்பட்டது. விலக்கப்பட்டோர் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் அந்த மாண்பிற்காகவே பலர் அம்முகாமைத் தேர்ந்தனர். இதனை மனத்திற் கொண்டால்தான் பின்னர் எழுந்த கொந்தளிப்பு விளங்கும்.

புதிய விரிவாக்கத்தின் முன்கதை இது. உலகின் குருதி எனப்படும் அசரைட் என்ற அரும்பொருள் மண்ணிலிருந்து வெளிப்படுகிறது. அதைக் கைப்பற்றுவோர்க்கே வலிமை. ஹோர்டின் தலைவியாகிய சில்வானஸ் விண்ட்ரன்னர், பகைவர் என்றேனும் தாக்குவது உறுதி, ஆகவே நாமே முந்திக்கொள்ள வேண்டும் என்று வாதிடுகிறாள். வாரோக் சார்ஃபாங் என்னும் முதிய படைத்தலைவன் அதற்கு இணங்கிப் போர்த்திட்டத்தை வகுக்கிறான். வட கடலில் ஓங்கி நிற்கும் டெல்ட்ராசில் என்ற மாபெரும் மரமே இலக்கு. அதன் உச்சியில் நைட் எல்ஃப் மக்களின் நகரமாகிய டார்னாசஸ் அமைந்துள்ளது. மரத்தைக் கைப்பற்றிப் பிணையாக வைத்துக்கொண்டால் பகைவர் அடங்குவர் என்பது முதியவனின் எண்ணம்.

திட்டம் பிறழ்ந்தது. எல்ஃப் மக்களின் தலைவனாகிய மால்ஃபியூரியனைச் சார்ஃபாங் பின்புறமிருந்து வெட்டி வீழ்த்தியபோதிலும், அது வீரனுக்கு அழகன்று என நாணி, அவனைக் கொல்லாது விட்டுவிடுகிறான். கடற்கரையில் வீழ்ந்து கிடந்த எல்ஃப் வீராங்கனை ஒருத்தி, எங்கள் நம்பிக்கையை உன்னால் அழிக்க இயலாது என்னும் பொருள்படச் சில்வானசிடம் கூறுகிறாள். அவ்வளவில், மரத்தைக் கொளுத்துக என்று ஆணை பிறக்கிறது. கவண் பொறிகள் தீயுருண்டைகளை வீசுகின்றன. உள்ளே இருந்தவர்கள் குடிமக்கள்.

2018 ஜூலை 31 அன்று இக்காட்சி குறும்படமாக வெளியிடப்பட்டது. மரம் எரியும் என்பது முந்தைய ஆண்டே அறிவிக்கப்பட்டிருந்தது; ஆனால் எரித்தவர் யார் என்பது மறைக்கப்பட்டிருந்தது. ஹோர்டு முகாமினர் பலர், வேறொருவர் சூழ்ச்சியாக இருக்கும், நம் தலைவி இதைச் செய்திருக்க மாட்டாள் என்றே நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையும் மரத்தோடு எரிந்தது.

விளையாட்டாளர் கூறியவை

அலையன்ஸ் அணியினர்க்கு அந்நாளில் தரப்பட்ட பணி ஒன்றைக் கேளுங்கள். எரியும் நகருக்குள் புகுந்து 982 குடிமக்களைக் காப்பாற்றுக என்பது கட்டளை. தரப்பட்ட நேரமோ 3 நிமிடம். எத்துணை விரைந்தாலும் ஒரு சிறு பகுதியினரையே மீட்க முடியும். இறுதியில் புகையில் மயங்கி விழுவார். வெல்லவே இயலாத இப்பணியை ஆடி முடித்தோர் பலர், விளையாட்டொன்றில் இத்தகைய துயரை உணர்ந்ததில்லை என்றனர். வேறு பலரோ, எங்கள் இல்லத்தை அழித்தீர்கள், அதற்குரிய நீதியை எப்போது வழங்குவீர்கள் என்று கதாசிரியரை வினவினர். இழந்தோரின் துயரைவிட எரித்தவளின் உள்ளப் போராட்டத்திற்கே கதையில் மிகுந்த இடம் அளிக்கப்படுகிறது என்ற குறை ஆண்டுகள் கடந்தும் நீடித்தது. நம் நாளிதழ்களைப் படிப்போர்க்கும் இக்குறை புதிதன்று; கொலையாளியின் பெயரை ஊரே அறியும், இறந்தவரின் பெயரை யார் நினைவிற் கொள்கிறார்?

ஹோர்டு அணியினரின் முறையீடு வேறு வகையினது. தீப்பந்தம் அவர்கள் கையில் இல்லை. ஆயினும் காட்டு வழியே படையெடுத்து, காவலரை வீழ்த்தி, கவண் பொறிகள் கடற்கரை வந்து சேர வழி அமைத்தவர்கள் அவர்களே. "நான் மாட்டேன்" என்று சொல்ல ஆட்டத்தில் வழியே இல்லை. பணியை ஏற்றால் கதை நகரும். ஏற்காவிடில் கதை நிற்கும். எங்கள் முகாமின் மாண்பை எங்களைக் கொண்டே அழிக்கச் செய்துவிட்டீர்கள் என்று அவர்கள் வருந்தினர். 2012இல் வந்த விரிவாக்கத்தின் காலத்திலும் கேரோஷ் என்னும் ஹோர்டு தலைவன் தெரமோர் நகரைக் குண்டினால் அழித்து, பின்னர் வீழ்த்தப்பட்டான்; அதே கதையை மீண்டும் சொல்லுவானேன் என்பதும் அவர்தம் கேள்வி.

மூன்றாம் சாரார் சில்வானசின் பக்கம் நின்றனர். போர் என்றால் போர்தான். வெல்வதற்காக நடத்தப்படுவதில் இரக்கத்திற்கு இடமேது என்றனர். நான்காம் சாரார், இஃது ஒரு விளையாட்டு, இதற்கு ஏன் இத்தனை அமளி என்று நகைத்தனர்.

இந்நான்கு கருத்துகளையும் சீர்தூக்கிப் பாருங்கள். ஆட்டம் கற்பனையே, எரிந்த மரமும் ஓவியமே. ஆனால், "நான் செய்தேன்" என்று ஒருவன் வெட்கியது உண்மையான வெட்கம் அன்றோ? எனவே, வெறும் விளையாட்டு என்று நகைத்தவரைக் காட்டிலும், என்னை ஏன் இதில் சேர்த்தாய் என்று சினந்தவரே நேரிய வழியில் நின்றனர் எனலாம்.

ஆணையும் மனச்சான்றும்

நிற்க. மேலிடத்து ஆணை என்ற கேடயம் உலக வரலாற்றில் பழமையானது. 1945, 1946ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் நாசித் தலைவர்கள்மீது வழக்கு நடந்தது. ஆணைப்படி செய்தேன் என்பது ஒருவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. தண்டனையைக் குறைப்பதற்கு மட்டும் கருதப்படலாம் என்பது அந்நீதிமன்றத்தின் சட்டவிதி. கற்பனைக் கதையின் முதியவனாகிய சார்ஃபாங்கும் அந்த வாசலில்தான் வந்து நிற்கிறான். எரிக்கச் சொன்னவன் அவனல்லன். ஆனால் படைக்கு வழிவகுத்த திட்டம் அவனுடையது. சாவைத் தேடி ஒருமுறை தனியே புறப்படுகிறான், பகைவரிடம் சிறைப்படுகிறான், இறுதியில் எதிர்த்து நிற்கும் துணிவைப் பெறுகிறான்.

இந்நிலையில்தான் ஹோர்டு அணியினர்க்கு ஒரு தெரிவு வழங்கப்பட்டது. சார்ஃபாங்கோடு சேரலாம், அல்லது சில்வானசுக்கு உண்மையாய் இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் கதையின் முடிவு பெரிதும் மாறவில்லை. பலர் இதனைக் குறையாகச் சொன்னார்கள். ஆயினும், முடிவை மாற்ற இயலாத இடத்திலும் தான் யார் பக்கம் என்று அறிவிப்பதில் ஒரு பொருள் இருக்கவே செய்கிறது.

2019 செப்டம்பரில் வெளிவந்த பகுதியில், இரு படைகளும் எதிரெதிரே நிற்க, முதியவன் சில்வானசைத் தனிப்போருக்கு அழைக்கிறான். வெல்ல இயலாது என்பதை அறிந்தே அழைக்கிறான். அவன் வாள் அவள் முகத்தில் கீறுகிறது. சினந்த சில்வானஸ், ஹோர்டு என்பது தனக்கு ஒரு பொருட்டே அன்று என்று எல்லாரும் கேட்கக் கூவிவிடுகிறாள். முதியவன் மாய்கிறான், ஆனால் அச்சொல்லைக் கேட்ட படை அவளைக் கைவிடுகிறது, பெரும்போர் தவிர்கிறது. கதைப் போக்கை வெகுவாகக் கடிந்துரைத்தவர்களும் இக்காட்சியைப் போற்றினார்கள்.

தீமையின் வேர் எங்கே?

அடுத்துவந்த விரிவாக்கமாகிய 'ஷேடோலேண்ட்ஸ்' 2020 நவம்பரில் வெளியாயிற்று. சில்வானஸ் மறுவுலக ஆற்றல் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்திருந்தாள் என்றும், அவளது ஆன்மாவின் ஒரு பாதி முன்னரே பறிக்கப்பட்டிருந்தது என்றும் இதிலும் இதன் பின்பகுதிகளிலும் சொல்லப்பட்டது. பலர்க்கு இஃது ஏமாற்றமே தந்தது. காரணம் யாதெனில், அச்சமும் பேராசையும் பழம்பகையும் சேர்ந்து ஒரு போரை எவ்வாறு மூட்டுகின்றன என்று தொடங்கிய அரசியற்கதை, எங்கிருந்தோ ஒருவன் ஆட்டிவைத்த பொம்மலாட்டமாக முடிந்துபோயிற்று. தீமைக்கு மறைவான ஒரு காரணம் கிடைத்துவிட்டால், நம் கையைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமற் போகிறது. விளையாட்டாளர் பலர் அந்த எளிய விடுதலையை ஏற்க மறுத்தனர் என்பது பாராட்டத்தக்கது.

2022இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பளிக்கும் பொறுப்பு, இழந்த மக்களின் தலைவியாகிய டைராண்டேயிடமே விடப்பட்டது. கொலைத்தண்டனையை அவள் விதிக்கவில்லை. இருளுலகில் சிக்கியுள்ள ஆன்மாக்கள் ஒவ்வொன்றையும் தேடி மீட்கும் வரை சில்வானஸ் அங்கேயே உழைக்க வேண்டும் என்பது தீர்ப்பு. இது போதாது என்றவர் உண்டு; இதுவே தக்கது என்றவரும் உண்டு. தண்டனை என்பது வலிக்கு வலியா, அல்லது உடைத்தவனே ஒட்டவைக்கும் கழுவாயா என்பது நம் இல்லங்களிலும் நாள்தோறும் எழும் வினாவே.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. இவ்விளையாட்டில் தொடக்கமுதலே ஒரு முகாமினர் தட்டெழுதும் சொல் மறுமுகாமினர்க்குப் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தோன்றும். உடன்பிறந்தார் இருவர் வேறு முகாம்களைத் தேர்ந்தால் ஒரே குழுவில் சேர இயலாதிருந்தது. பகையை வளர்ப்பதற்குப் பேச்சைத் தடுப்பதைவிட எளிய வழி வேறேது? 2022 மே மாத இறுதியில் இரு முகாமினரும் ஒரே குழுவில் சேர்ந்து ஆட வழி திறக்கப்பட்டது. 2023 மே மாதம் ஒரே சங்கத்தில் உறுப்பினராகவும் இசைவு கிடைத்தது. முகாமின் பெருமை கெட்டுவிடும் என்று சிலர் வருந்தினர். நண்பரோடு ஆட முடிந்ததே என்று பலர் மகிழ்ந்தனர். 2023 நவம்பரில் அமிர்ட்ராசில் என்னும் புதிய மரம் கதையில் தழைத்தது. இல்லமிழந்த மக்கள் அதன் நிழலில் குடியேறினர்.

பெற்றோரே, கணினியின் முன் அமர்ந்த பிள்ளையிடம் நாம் பெரும்பாலும் ஒரு வினாவையே கேட்கிறோம்: "இன்னும் எவ்வளவு நேரம்?" அதுவும் வேண்டியதே, உறக்கமும் படிப்பும் கெடலாகாது. ஆனால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். "நீ எந்தப் பக்கம்? உன் தலைவன் என்ன சொன்னான்? நீ என்ன செய்தாய்? அப்போது உன் உள்ளம் என்ன சொல்லிற்று?" என்றும் கேளுங்கள். விடை சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அவன் வெட்கத்தோடோ சினத்தோடோ பேசுவானாயின், கடிந்துகொள்ளாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

இளையோரே, நாளை நீங்கள் அலுவலகத்திலும் சங்கத்திலும் கட்சியிலும் சேர்வீர்கள். அங்கும் நம்மவர், பிறர் என்ற முகாம்கள் இருக்கும். தவறான ஆணையும் ஒருநாள் வரும். அது பெரும்பாலும் நம்மவரின் நன்மைக்கே என்ற பெயரில்தான் வரும். ஆட்டத்தில் "மாட்டேன்" என்று சொல்ல விசை இல்லை என்று வருந்தினீர்கள். வாழ்க்கையில் அது உண்டு. விலை கொடுக்க வேண்டியிருப்பினும் அதனைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.